கனியும் பக்குவமும்
(வீரகேரளம்புதூரில் சித்திரைத் திருநாளில் நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



சித்திரை பிறந்து சில நாள்களே ஆகின்றன. விசுவன்று விடியற்காலையில் உங்களுள் பலர் கண்களை மூடியபடியே பூசையறைக்கு வந்து கனி கண்டிருப்பீர்கள். மலைக்கு அப்பாலும் இப்பாலும் வாழ்வோர்க்குப் பொதுவான வழக்கம் அது. முதல் நாள் இரவே வீட்டுக்குப் பெரியவளாகிய ஆச்சி தாம்பாளத்தில் கண்ணாடியை நிறுத்தி, அதன்முன் பொன்னும் நெல்லும் வெற்றிலையும் வைத்து, மா, பலா, வாழை என்னும் முக்கனியையும் பரப்பி, மேலே சரக்கொன்றைப் பூங்கொத்தைச் சார்த்துவாள். கொன்றை நம் பெருமானுக்கு உரிய பூ. ஆதலின் ஆண்டின் முதற்காட்சி அவனுடைய பூவும், அவன் படைத்த கனியும், அவற்றிடையே நம்முடைய முகமுமாக அமைகின்றது. இவ்வழக்கத்தை வகுத்த பெரியோர் எத்துணை நுட்பமுடையவர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்வாண்டு விசுவன்று அடியேன் உறவினர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தேன். கண் திறந்து கனி கண்டேன். தாம்பாளத்தில் நான்கு ஆப்பிள் இருந்தன; ஒவ்வொன்றிலும் கடைக்காரன் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் கறுப்புத் திராட்சைக் கொத்து ஒன்று. கிவி என்று ஒரு பழம் இருக்கின்றதே, அதுவும் ஒன்று. கைகூப்பிவிட்டு நிமிர்ந்தபொழுது, கொல்லைப்புறச் சாளரம் வழியே அவ்வீட்டுப் பலாமரம் தெரிந்தது. அடிமரத்தில் குடம் குடமாக ஏழெட்டுக் காய்கள். அவற்றுள் ஒன்று பழுத்து மணக்கின்றது. "அம்மா, அந்தப் பழத்தில் ஒரு கீற்று வைக்கக்கூடாதா?" என்று இல்லத்தரசியாரைக் கேட்டேன். "அதை யாரு அரிஞ்சு சுளை எடுக்கது அண்ணாச்சி? கையெல்லாம் பிசினு" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தப் பிசின் அன்றுமுதல் அடியேன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அதனாலேயே இன்று நாயன்மார் வரலாறு சொல்லுவதாக இருந்தவன், கனியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். விழாக் குழுவினர் பொறுத்தருள்க.

நும் ஊர்க்கு வாசல் வழியாகச் சிற்றாறு ஓடுகின்றது. அது திரிகூட மலையிற் பிறந்து, குற்றாலத்தில் பேரருவியாய் வீழ்ந்து, தென்காசியைக் கடந்து, இவ்வூர் வயல்களை நனைத்து, சீவலப்பேரிக்கு அருகே தண்பொருநையோடு கலக்கின்றது. குற்றாலத்தில் அருவியாடியவன் தலையில் விழுந்த நீர்தான் உங்கள் நெல்லுக்கும் பாய்கின்றது. அந்தக் குற்றாலத்திற்குத் திருஞானசம்பந்தப் பெருமான் எழுந்தருளி இரண்டு பதிகங்கள் அருளினார். முதல் திருமுறையில் இருப்பது திருக்குற்றாலப் பதிகம். இரண்டாம் திருமுறையில் இருப்பது திருக்குறும்பலாப் பதிகம். இதனை ஊன்றி நோக்க வேண்டும். குற்றாலம் என்னும் தலத்தின் பெயரால் ஒன்று. அங்கே நிற்கும் மரத்தின் பெயரால் தனியே ஒன்று! தலந்தோறும் தலமரம் உண்டு. ஆனால் தலத்தோடு ஒப்ப மரத்திற்கும் தனிப் பதிகம் பெற்ற பெருமையைக் குறும்பலாவிடத்தே காண்கின்றோம். அங்கே இறைவனுக்குக் குறும்பலாவீசர் என்பதும் ஒரு திருநாமம்.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரை நீங்கள் அறிவீர்கள். 18ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சி பாடியவர். அவர் நூலின் தொடக்கத்தில் குறும்பலாவை வணங்கும்பொழுது, அம்மரத்தின் கிளையை வேதமாகவும், கனியையும் சுளையையும் வித்தையும் சிவலிங்கமாகவும் காண்கின்றார். பின்னர்க் குறத்தி வந்து தன் மலைவளம் கூறுகின்றாள். பொன் விளையும் மலை, மணி விளையும் மலை என்றா தொடங்குகின்றாள்? இல்லை. குரங்குகளையும் அவை கொடுத்து உண்ணும் கனிகளையும் கூறித் தொடங்குகின்றாள். பழமிருக்கும் இடமே வளமிருக்கும் இடம் என்பது அவள் கணக்கு. ஊற்றுமலை மன்னர்கள் இவ்வூரை இருப்பிடமாகக் கொண்டு புலவரைப் போற்றிய காலத்தில், காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் உலவிய தெருக்கள் இவை. ஆதலின் இவ்வூரார்க்குத் தமிழ்ச் சுவையை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கனிச்சுவையைத்தான் நினைவூட்ட வேண்டியிருக்கின்றது.

இன்னொன்று சொல்லுகின்றேன், வியப்பாக இருக்கும். பலா இம்மேற்கு மலைத்தொடருக்கே உரிய மரம் என்று தாவர நூலார் கூறுகின்றனர். மலைக்கு அப்பால் அதனைச் சக்கை என்பார்கள். போர்த்துக்கீசியர் அங்கே வந்து அப்பெயரைக் கேட்டு 'ஜாக்கா' என்றனர். அதுவே ஆங்கிலேயர் நாவில் 'ஜாக்' ஆயிற்று. 'மாங்கோ' என்று உலகமெல்லாம் சொல்லும் பெயரும் நம்முடைய மாங்காயிலிருந்து போனதுதான். பழத்தோடு பெயரையும் உலகுக்குக் கொடுத்தவர்கள் நாம். இன்று தமிழ்நாட்டின் மாநிலப் பழம் பலா. 2018இல் கேரளமும் அதனைத் தன் மாநிலப் பழமாக அறிவித்தது. அரசுகள் அறிவித்திருக்கின்றன, நம் வீட்டுத் தாம்பாளம் அறியவில்லை.

"பழம் எதுவாயினும் என்ன? இறைவன் அன்பைத்தானே பார்க்கின்றான்?" என்று ஓர் அன்பர் வினவலாம். நல்ல வினா. ஆப்பிள் படைத்தால் பெருமான் ஏற்கமாட்டான் என்று நான் கூறவில்லை. கண்ணப்பர் படைத்ததை ஏற்றவன் எதனைத்தான் மறுப்பான்? இழப்பு அவனுக்கன்று, நமக்கு. எப்படி என்பதைச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றேன்.

சைவ சித்தாந்தத்தில் இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்னும் மூன்று சொற்களைக் கேட்டிருப்பீர்கள். அவற்றுள் நடுவில் நிற்கும் மலபரிபாகம் என்பது என்ன? ஆணவமலம் முதிர்ந்து, தன் வலி குன்றி, கழலுதற்குரிய நிலையை அடைதல். இதனை உணர்த்த நம் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த சொல் 'பாகம்'. வடமொழியில் அதற்குப் பழுத்தல் என்பதும் பொருள், சமைத்தல் என்பதும் பொருள். நளபாகம் என்கிறோமே, அந்தப் பாகம்தான். பக்குவம் என்னும் சொல்லும் அதே வேரிற் பிறந்தது. "பக்குவப்பட்ட ஆன்மா" என்று மடத்திலே கூறுவார்கள். "கைப்பக்குவம்" என்று அடுக்களையிலே கூறுவார்கள். சொல் ஒன்றே. மரத்தில் வெயில் செய்வதும், அடுப்பில் தீ செய்வதும், உயிரில் இறைவன் செய்வதும் ஒரே தொழில் என்று கண்டவர்கள் நம் முன்னோர். மரத்தையும் அடுப்பையும் அறியாதவனுக்கு மூன்றாவதை எவ்வாறு விளக்குவது?

அடியேனுக்குச் சித்தாந்தம் பயிற்றிய ஆசிரியர் மலபரிபாகம் என்னும் பகுதி வந்த அன்று ஏட்டை மூடிவிட்டு, எங்களைத் திண்ணையிலிருந்து இறக்கிப் புளியமரத்தடிக்கு அழைத்துச் சென்றார். இளம்புளி ஒன்றைக் கொடுத்து, "ஓட்டைத் தனியாக எடு" என்றார். நகத்தால் கீறினோம், சதையும் சேர்ந்து வந்தது. பழுத்துக் கீழே கிடந்த ஒன்றை எடுத்துத் தந்தார். விரலால் தொட்டதும் ஓடு பொடிந்து, பழம் தனியே நின்றது. உள்ளே இருந்தும் ஒட்டாமல் இருந்தது. "விளங்கிற்றா?" என்றார். விளங்கிற்று. ஐம்பது ஆண்டுகள் ஆகியும் விளங்கிக்கொண்டே இருக்கின்றது. சில திங்கள்களுக்கு முன் நகரத்துப் பள்ளி ஒன்றில் மாணவர்களுக்கு இதே உவமையைச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "புளிக்கு ஓடு உண்டா ஐயா?" என்று கேட்டான். அவன் வீட்டுக்குப் புளி நெகிழிப் பையில் கட்டியாக வருகின்றது. அவன்மேல் குற்றமில்லை. ஆனால் பரம்பரையாக வந்த ஓர் உவமை அந்த இடத்தில் உயிர்விட்டதை அடியேன் கண்ணாற் கண்டேன்.

வெள்ளரிப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யமபயம் நீங்க ஓதும் திரியம்பக மந்திரத்தை உங்களிற் பலர் நாள்தோறும் ஓதுவீர்கள். அதன் கருத்து யாது? வெள்ளரிப்பழம் காம்பினின்றும் விடுபடுவதுபோல எங்களை மரணத்தினின்றும் விடுவிக்க வேண்டும் என்று முக்கண்ணனை வேண்டுவது. மாம்பழத்தைச் சொல்லாமல் வெள்ளரிப்பழத்தை ஏன் சொல்ல வேண்டும்? மாம்பழம் மேலிருந்து விழும்; அடிபடும். வெள்ளரி தரையிற் படர்ந்த கொடி. அதன் பழத்தை யாரும் பறிக்க வேண்டா. அது விழவும் வேண்டா. பழுத்த நாளில் இருந்த இடத்திலேயே காம்பு தானாக விட்டுவிடும். கொடிக்கு நோவில்லை, பழத்திற்கும் நோவில்லை. அத்தகைய விடுதலையைக் கேட்கின்றது மந்திரம். வெள்ளரித் தோட்டத்தில் நின்று பார்த்தவன் கண்ட உவமை அது.

அந்தப் பழம் இந்தப் பங்குனி, சித்திரையில் நம் சாலையோரங்களில் விற்கின்றது. தானாக வெடித்துவிடும் ஆதலின் ஓலை சுற்றி நாரினாற் கட்டி வைத்திருப்பார்கள். வாங்கி வந்து தோலையும் விதையையும் நீக்கி, சதையைக் கையால் மசித்து, நாட்டுச் சர்க்கரை தூவி, ஏலப்பொடி சேர்த்து, விரும்பினால் சிறிது தேங்காய்ப்பூவும் இட்டால் ஆயிற்று. அடுப்பு வேண்டா. கோடையில் இதனினும் குளிர்ந்த இனிப்பு உண்டோ? இன்று மாலை இங்கே வரும் வழியில், ஒரு மூதாட்டி நான்கு பழங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒன்றுகூட விற்கவில்லையாம். எதிரே குளிர்பானக் கடையில் நிற்க இடமில்லை. மந்திரத்தை ஒலிநாடாவில் கேட்டுக்கொண்டே அந்தப் பழத்தைக் கடந்து போகின்றோம்!

பக்குவத்தைப் பற்றிச் சொல்லும்பொழுது இதனையும் சொல்லிவிடுகின்றேன். நம் வீடுகளில் மாங்காயை வைக்கோலில் பொதிந்து வைப்பார்கள். வாழைத்தாரை மூட்டம் போடுவார்கள். அவை பழுப்பதற்கு உதவி. இப்பொழுது சிலர் கார்பைடு கல்லை வைத்துக் காயை ஒரே இரவில் மஞ்சளாக்குகின்றனர். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதனைத் தடை செய்கின்றன. ஆயினும் அவ்வப்போது சோதனையில் பிடிபடுகின்றது. தோல் மஞ்சள், உள்ளே புளிப்பு, மணமும் இல்லை. சமயத் துறையிலும் அந்தக் கல் வந்துவிட்டது என்பதை நான் கூறாமலே நீங்கள் அறிவீர்கள். மூன்றே நாளில் ஞானம் தருவதாகச் சுவரொட்டி பார்த்தேன். அதற்குமேல் அதனைப் பற்றிப் பேச வேண்டா.

இனி, காரைக்காலம்மையாரைச் சிறிது நினைப்போம். பரமதத்தன் இல்லத்திற்கு அனுப்பிய மாங்கனிகள் இரண்டு. பசியோடு வந்த சிவனடியார்க்கு அம்மையார் ஒன்றை இட்டார் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் ஏன் மாங்கனியை இட்டார்? சேக்கிழார் பெருமான் அதற்குக் காரணம் காட்டுகின்றார். சோறு ஆகியிருந்தது, கறி இன்னும் ஆகவில்லை. அடியாரோ பசித்திருக்கின்றார். கறிக்கு ஈடாகக் கனியை வைத்து அமுது செய்வித்தார். இது நம் வீட்டு வழக்கம் அன்பர்களே! கறி இல்லாத நாளில் தயிர்ச் சோற்றுக்கு மாம்பழம் பிசைந்து உண்டு வளர்ந்தவர்கள் எத்தனை பேர் இப்பந்தலில் இருக்கின்றீர்கள்! ஓர் இல்லாள் அடுக்களையில் நின்று, உள்ளதைக் கொண்டு நொடியில் செய்த முடிவு. அங்கேதான் திருவருள் நுழைந்தது. நண்பகலில் வந்த கணவன் எஞ்சிய கனியை உண்டு, சுவை நன்றாக இருக்க, மற்றதையும் கேட்டான். அம்மையார் பெருமானை நினைந்தார். கையில் ஒரு கனி வந்தது. அதனை உண்ட வணிகன், "இது முன்னையது அன்று" என்று கண்டுகொண்டான். எதனாற் கண்டான்? நாவினால்! மாங்கனியின் சுவையை நன்கு அறிந்த நாவாக இருந்தமையால், தேவக்கனியின் வேறுபாடு தெரிந்தது. அவன் பக்தனல்லன், வணிகன். ஆயினும் நாக்கு பழகியிருந்தது. எந்தப் பழத்தையும் ஒரே சுவையாக உண்ணுகின்ற நமக்கு அப்படி ஒன்று கையில் வந்தால் தெரியுமா? காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியன்று பிச்சாடனர் எழுந்தருளும் வீதியில் மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி இறைக்கின்றார்கள்; கீழே மக்கள் மடியேந்திப் பிடிக்கின்றார்கள். அவசியம் ஒருமுறை சென்று காண வேண்டிய விழா.

அப்பரடிகள் முதலாகிய பெருமக்கள் இறைவனது இனிமையைக் கூற வரும்பொழுதெல்லாம் கனியையும் கரும்பையும் பாகையும் தேனையும் அளவுகோலாகக் கொள்கின்றனர். அளவுகோல் கையில் இருந்தால்தான் அளக்க முடியும். "கனியினும் இனியவன்" என்று குழந்தைக்குச் சொன்னால், அக்குழந்தை கனியை உண்டிருக்க வேண்டும். மிட்டாயை மட்டுமே அறிந்த குழந்தைக்குத் திருமுறை அந்த இடத்தில் மூடிக்கொள்கின்றது. நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றே. மற்றவை அதனைச் சுற்றிய பேச்சு.

பனையை மறந்தால் இப்பக்கத்தார் என்னைப் பொறுக்கமாட்டார்கள். திருவோத்தூரில் ஓர் அடியார் பெருமானுக்கென்று பனைகளை வைத்து வளர்த்தார். அனைத்தும் ஆண்பனையாகிக் காயாமல் நின்றன. அவர் மனம் நைந்து திருஞானசம்பந்தரிடம் விண்ணப்பிக்க, பிள்ளையார் பாடியருள, அவை குலையீன்றன என்பது பெரியபுராணம். செய்யாறு என்று இன்று வழங்கும் ஊர் அது. நம்மவர் பனையிலிருந்து எடுப்பவற்றைப் பாருங்கள்: நுங்கு, பதநீர், கருப்பட்டி, பனங்கற்கண்டு, பழம், கிழங்கு. திருக்கார்த்திகையன்று நம் வீடுகளில் ஓலைக் கொழுக்கட்டை செய்வார்கள். பச்சரிசி மாவு, சீவிய கருப்பட்டி, தேங்காய்த் துருவல், வறுத்து வேகவைத்த சிறுபயறு, சுக்கு, ஏலம் ஆகியவற்றைப் பிசைந்து, குருத்தோலையை மடித்து அதற்குள் வைத்துக் கட்டி ஆவியில் அவிப்பது. பிரித்தால் ஓலையின் மணமும் ஓலையின் வரியும் கொழுக்கட்டையில் இருக்கும். அந்த மணத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஏனெனில் அது மரத்தினுடையது. எத்தனை பனைகள் செங்கற்சூளைக்குப் போயின என்பதை நீங்களே கண்டிருக்கின்றீர்கள். 2021இல் தமிழக அரசு தன் வேளாண் நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று அறிவித்தது. நல்லது. வெட்டாமல் இருக்க ஆட்சியர் போதும். ஏறுவதற்கும் கொழுக்கட்டை கட்டுவதற்கும் ஆள் வேண்டுமே!

"அப்படியாயின் முந்திரிப்பருப்பு பிரேசிலிலிருந்து வந்ததன்றோ? நிலக்கடலையும் வெளியிலிருந்து வந்ததுதானே?" என்று படித்த இளைஞர் ஒருவர் அடியேனை மடக்கினார். உண்மை. கொல்லாமரம் போர்த்துக்கீசியரோடு வந்தது. கடலையை மணிலாக்கொட்டை என்று சொல்லும் பெயரே அதன் வரவைக் காட்டும். வந்தவை நம் மண்ணில் வேரூன்றி, நம் கையில் வறுபட்டு, நம் வெல்லத்தோடு கலந்து நம்முடையவாயின. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் காலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கின்றன. மலாய் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவை. வந்தவர்களை நாம் வெறுப்பதில்லை. வந்தவனுக்குப் பந்தியில் இலை போட்டுவிட்டு, பெற்ற தாயைக் கொல்லையில் நிறுத்துவதைத்தான் வேண்டா என்கின்றேன். விநாயக சதுர்த்தியன்றுகூட விளாம்பழத்தையும் நாவற்பழத்தையும் தேடி வாங்குகின்றோமே, ஏன்? கணபதியின் வடமொழித் தியானத்தில் அவ்விரண்டும் பெயர் சொல்லப்பட்டிருப்பதால். அந்தச் சுலோகம் இல்லையேல் விளாமரங்களும் என்றோ விறகாகியிருக்கும். விளாம்பழத்தை உடைத்து, ஓட்டுக்குள்ளேயே பொடித்த வெல்லத்தை இட்டுக் குச்சியால் கிண்டி உண்ட சுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பழனியிலே பஞ்சாமிர்தம் இருக்கின்றது. மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், தேன், ஏலம். ஒரு துளி நீர் சேர்ப்பதில்லை. 2019இல் அதற்கும் குறியீடு கிடைத்தது. விருப்பாச்சி வாழை இன்றும் இருப்பதற்கு முருகன் ஒரு காரணம். நிவேதனம் இருந்தால் மரம் இருக்கும்.

இவ்வளவும் பிறர்க்குச் சொல்லுகின்றவன் தான் செய்ததையும் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு வருக்கைப் பலா நின்றது. எம் அம்மை மணமாகி வந்த ஆண்டில் ஊன்றிய வித்து. அரிசி களைந்த நீரை வேறெங்கும் கொட்டமாட்டாள்; அம்மரத்திற்குத்தான். ஆண்டுதோறும் எந்தையார் திதியன்று அதன் பழத்தில் பாயசம் வைப்பாள். உருளியில் நெய் விட்டு, நறுக்கிய சுளையை வதக்குவாள். கொஞ்சம் கொஞ்சமாக நீர் தெளிப்பாள். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி வைத்திருப்பாள். சுக்கு தட்டும் ஓசை கேட்டால் நாங்கள் அடுக்களை வாசலில் நிற்போம். மேல்தோல் பசுவுக்குப் போகும். கொட்டை அடுப்புச் சாம்பலில் வேகும். மிஞ்சியதை அவித்து, இடித்து, கருப்பட்டியும் தேங்காயும் சேர்த்து உருண்டை பிடிப்பாள். பலாவில் எறிவதற்கு ஒன்றுமில்லை.

1998இல் அடியேன் நூல்களை வைக்க ஓர் அறை கட்ட விரும்பினேன். இடம் போதவில்லை. ஆசாரி வந்து மரத்தைத் தட்டிப் பார்த்து, "ஐந்து கதவுக்குத் தேறும்" என்றார். வெட்டினேன். அன்பர்களே, குறும்பலாப் பதிகம் உள்ள திருமுறையை வைப்பதற்காகப் பலாவை வெட்டினேன்! அன்று அது எனக்குத் தோன்றவில்லை. அம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மரம் விழுந்த பகலில் வழக்கம்போல் களைந்த நீரைச் செம்பில் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். சற்று நேரம் நின்றாள். பிறகு அதனைத் துளசிக்கு ஊற்றிவிட்டு வந்தாள்.

அவ்வாண்டுத் திதிக்குச் சந்தையில் பழம் வாங்கி வந்தேன். அம்மை கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அரிந்தாள். ஒரு சுளையை எடுத்து முகர்ந்து பார்த்து, "யாரு வீட்டு மரமோ" என்றாள். அவ்வளவுதான். பாயசம் வைத்தாள். இரண்டு நாள் கழித்து, அந்தப் பழத்தின் கொட்டை ஒன்றைக் கிணற்றடி மூலையில் ஊன்றியிருந்ததைக் கண்டேன். கன்று வந்தது. 2006இல் அம்மை சிவபதம் அடைந்தாள். மரம் 2008இல் முதன்முதலாகக் காய்த்தது.

முதற்பழத்தைக் குற்றாலநாதர்க்குக் கொண்டு போய்ச் சேர்த்தேன். அடுத்த பழத்தில் திதிக்குப் பாயசம் வைக்க என் மனைவியார் முயன்றார். சுளை வேகுமுன்னே வெல்லத்தைச் சேர்த்துவிட்டார். அதன்பின் எவ்வளவு எரித்தும் சுளை வேகவில்லை, வாரைப்போல் கிடந்தது. முதற் பாலை ஊற்றியபின் கொதிக்கவிட்டதனால் அதுவும் திரிந்தது. அவர்மேல் பிழையில்லை. நாற்பது ஆண்டுகள் எங்கள் வீட்டில் நடந்ததை ஒருவரும் அம்மையைக் கேட்டு எழுதி வைக்கவில்லை. அடியேன் சிவஞானபோதத்திற்கு உரைக்குறிப்பு எழுதி மூன்று கட்டு வைத்திருக்கின்றேன். அம்மையின் பாயசத்திற்கு ஒரு வரி இல்லை. மரம் மறுபடி வந்தது. பாகம் வரவில்லை. முதலில் வேக வேண்டும், பின்னர்தான் இனிப்பு ஏறும் என்பது சித்தாந்தமுமாக இருக்கின்றது. ஆயினும் அதை அடுக்களையில் எவ்வளவு நேரம், எவ்வளவு தீ என்று யார் எனக்குக் கூறுவார்?

சென்ற வாரம் விழாக் குழுவினர் என்னை அழைக்க வந்தபொழுது, தெற்குத் தெரு ஆச்சி ஒருவர் பலாப்பழப் பாயசத்தில் வல்லவர் என்று பேச்சுவாக்கில் சொன்னார்கள். எண்பது வயது கடந்தவராம். அப்பொழுதே கேட்டுக்கொண்டேன். கிணற்றடி மரத்துப் பழங்கள் மூன்று இன்று காலைப் பேருந்தில் அடியேனோடு வந்தன. நடத்துநர் மணத்தைக் கண்டு சீட்டு வேண்டா என்றுவிட்டார். இப்பொழுது பந்தலுக்குப் பின்னால் அந்த ஆச்சி அடுப்பருகே இருக்கின்றார். அவர் என்னைப் போல் பேசுகின்றவர் அல்லர். கேட்டால், "கண்ணளவு தான் அய்யா" என்கின்றார். அந்தக் கண்ணளவைப் பார்த்து எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடு கொண்டு வந்திருக்கின்றேன். வெல்லம் சேர்க்கும் நேரம் நெருங்குகின்றது என்று பின்னாலிருந்து சைகை காட்டுகின்றார்கள். ஆதலின் விடைபெற வேண்டும்.

சற்றுமுன் இங்கே முழங்கிய தவிலும் பலாமரத்தில் கடைந்ததுதான். வித்துவான்கள் மறுபடி வாசிப்பார்கள். தீபாராதனைக்குப் பின் பாயசம் வழங்கப்படும். குழந்தைகளை முன்னே விடுங்கள். சுளையிலிருந்து எடுத்த கொட்டைகளைக் கழுவி, வாயிலருகே ஓலைப்பெட்டியில் வைத்திருக்கின்றார்கள். கொல்லை உள்ளவர்கள் ஆளுக்கு இரண்டு எடுத்துச் செல்லலாம். பலாவித்து உலர்ந்தால் முளைக்காது. இந்த வாரத்திற்குள் ஊன்றிவிடுங்கள்.

திருச்சிற்றம்பலம்.